சண்டைக்கு ஆளில்லாத ஊர்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷரில், கம்பளி நெய்து பிழைத்த பிராட்ஃபோர்டு நகரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே காலமான பிராட்ஃபோர்டு டெர்பிக்கான இரங்கல் இது. பிராட்ஃபோர்டு சிட்டி, பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ என்ற இரண்டு கால்பந்து கிளப்புகளுக்கு நடுவே இருந்த பகைக்குத்தான் அந்தப் பெயர். இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் இரண்டும் ஒரே டிவிஷனில் இருந்தவை 26 சீசன்கள். மோதியவை 52 ஆட்டங்கள்.

இறந்த தேதியைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது. கடைசி லீக் டெர்பி நடந்தது 1968-69 சீசனில். அவென்யூவை லீக்கைவிட்டு வெளியே அனுப்பியது 1970இல். கடனைக் கட்ட வழியில்லாமல் அந்த கிளப்பைக் கலைத்தது 1974இல். மூன்றில் எதைத் திதியாக வைத்துக்கொண்டாலும் காரியம் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு பழைய வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை: அந்த ஊருக்கு இரண்டு கிளப் தேவைதானா? ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இரண்டும் உருப்பட்டிருக்காதா?

அந்த வழக்கு 1907இல் தொடங்கியது. அதற்கு நான்கு வருஷம் முன்புவரை பிராட்ஃபோர்டில் கால்பந்துக்கு மரியாதையே இல்லை. அது ரக்பி ஊர். நகரத்தின் வடக்கே வேலி பரேடு மைதானத்தில் ஆடியது மானிங்ஹாம் கிளப். ரக்பி இரண்டாக உடைந்து வடக்கத்தியக் கிளப்புகள் 1895இல் தனிச் சங்கம் கண்டபோது, அதன் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றது இதுதான். சில வருஷத்திலேயே பணமுடை. 1903 கோடையில் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தி நிதி திரட்டினார்கள். கையில் காசு வந்தது. ரக்பிமேல் நம்பிக்கை வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான பத்திரிகையாளர் ஜேம்ஸ் வைட் போன்றவர்கள் கால்பந்துதான் எதிர்காலம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரக்பி கோட்டையான அந்த வட்டாரத்தில் கால் பதிக்க லீக்கும் துடித்துக்கொண்டிருந்தது. விளைவு, மானிங்ஹாம் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது; ஒரு ஆட்டம்கூட ஆடியிராத, முழு அணிகூட அமைந்திராத அதற்கு நேரே இரண்டாம் டிவிஷனில் இடம் கிடைத்தது.

தெற்கே பார்க் அவென்யூவில் இருந்த பிராட்ஃபோர்டு கிளப் பணக்கார வீடு. அங்கும் ரக்பிதான். அதற்குத் தலைவர் ஹாரி பிரிக்ஸ் என்ற கம்பளி ஆலை முதலாளி. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் ஆரம்பகால இயக்குநர்களில் ஒருவர். 1904இல் சாம்பியன் பட்டமும் 1906இல் சேலஞ்ச் கோப்பையும் வென்ற கையோடு, அவரும் கணக்குப் பார்த்துவிட்டுக் கால்பந்துக்கு மாறத் தீர்மானித்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது: சிட்டியும் இங்கே வந்து சேரட்டும், இரண்டும் ஒன்றாகட்டும், பார்க் அவென்யூவில் ஒரே பெரிய கிளப்பாக ஆடட்டும். சிட்டியின் உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இணைப்பு நடக்காவிட்டாலும் பிரிக்ஸ் பின்வாங்கவில்லை. கால்பந்துக்கு மாறிய அந்த முடிவை ரக்பி ரசிகர்கள் இன்றுவரை ‘மாபெரும் துரோகம்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் பிரிந்துபோய் பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்ற ரக்பி கிளப்பைத் தொடங்கினார்கள். இன்றைய பிராட்ஃபோர்டு புல்ஸ் அதன் வாரிசு. இப்படி ஒரே வருஷத்தில் ஊர் மூன்று வீடானது. பார்க் அவென்யூ என்றாகிவிட்ட பிரிக்ஸின் கிளப்பை லீக் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் முதல் சீசனை தெற்கத்திய லீக்கில் ஆடியது. பிராட்ஃபோர்டிலிருந்து பிளிமத்துக்கும் பிரைட்டனுக்கும் ரயிலேறிப் போய் ஆடுவது என்பது வீம்பு இல்லாமல் நடக்காது. 1908இல் லீக்கில் இடம் கிடைத்தது. அதே வருஷம் சிட்டி இரண்டாம் டிவிஷனை வென்று முதல் டிவிஷனுக்குப் போய்விட்டதால், பங்காளிகள் லீக்கில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று.

அவென்யூ மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவின் ஆர்ச்சிபால்டு லீச், அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் பாதியைக் கட்டியவர், இதையும் கட்டினார். ஒரு பக்கம் கால்பந்து, முதுகோடு முதுகாக மறுபக்கம் யார்க்‌ஷர் அணி ஆடும் கிரிக்கெட் மைதானம். நடுவில் இருந்த பெரிய ஸ்டாண்டு இரண்டு பக்கமும் பார்த்தபடி நிற்கும். மூலையில் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் சின்னக் கட்டடம். பார்க்கப் பொம்மைக் குடில்போல இருந்ததால் அதற்கு அதுவே பெயர். எதிர்த்தரப்பான வேலி பரேடு, மலைச் சரிவில் ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே லிஸ்டர் ஆலை. 1890-91இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம்தான் 1893இல் இதே ஊரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறக்கக் காரணமான நிகழ்ச்சிகளில் ஒன்று. ஆலை முதலாளியின் கிளப், ஆலைத் தெருவின் கிளப் என்று ஒரு கோடு கிழிக்க ஆசை வரும். முழுக்கச் சரியாக இருக்காது. கிளாஸ்கோவில் பகையை மதம் பிரித்ததுபோல இங்கே எதுவும் பிரிக்கவில்லை. எந்தப் பக்கத்துத் தெருவில் பிறந்தோம், அப்பா எந்த ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார், இவ்வளவுதான். கம்பளிச் சாயம்போல இதுவும் ஒருமுறை ஏறினால் போகாது. சிட்டிக்குக் கருஞ்சிவப்பும் மஞ்சளும். அவென்யூவுக்கு, டாம் மேலி மேலாளராக வந்த பிறகு, பச்சையும் வெள்ளையும். அவருடைய தம்பி வில்லி மேலி, கிளாஸ்கோவில் செல்டிக்கை நடத்திக்கொண்டிருந்தவர்.

இணைப்பை எதிர்த்து வாக்களித்தவர்களுக்கு நான்கே வருஷத்தில் பதில் கிடைத்தது. 1911 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சிட்டி நியூகாஸில் யுனைடெட்டைச் சந்தித்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கோல் இல்லாமல் சமன். மறு ஆட்டம் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில். கேப்டன் ஜிம்மி ஸ்பியர்ஸ் அடித்த ஒரே கோலில் கோப்பை பிராட்ஃபோர்டுக்கு வந்தது. வந்தது என்பதைவிடத் திரும்பியது என்றே சொல்லலாம். அந்த வருஷம்தான் புதிதாகச் செய்யப்பட்டிருந்த அந்தக் கோப்பையைச் செய்தது பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி நகைக்கடை. சிட்டியின் சரித்திரத்தில் அதற்கு முன்பும் பின்பும் அத்தனை பெரிய வெற்றி இல்லை. அடுத்த வருஷம் அதே கோப்பைப் போட்டியில் முதன்முறையாகப் பங்காளிகள் மோதினார்கள். சிட்டிதான் ஜெயித்தது.

1914இல் அவென்யூவும் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தது. இங்கிலாந்தின் உச்ச டிவிஷனில் அந்தக் கம்பளி ஊருக்கு இப்போது இரண்டு கிளப்புகள். பக்கத்து ஊரான, அளவில் பெரிய லீட்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. 1914-15 சீசன் முடிவில் அவென்யூ ஒன்பதாவது இடம். அதற்குக் கீழே சிட்டி. அவென்யூவின் வாழ்நாளில் அதுவே உச்சம். அந்தக் கொடுப்பினையை அனுபவிக்க ஊருக்கு நேரம் இல்லை. போர் வந்துவிட்டிருந்தது.

இந்தப் பகையின் கதையில் சாவு இரண்டு பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கோப்பை வென்ற ஸ்பியர்ஸ் 1917 ஆகஸ்டில் பெல்ஜியத்தில், ஈப்ர போர்க்களத்தில் இறந்தார். அவென்யூவுக்கு ஆடிய டொனால்டு பெல் பள்ளி ஆசிரியர்; 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் எதிரியின் எந்திரத் துப்பாக்கி நிலை ஒன்றைக் குண்டு வீசித் தகர்த்தார். ஐந்து நாள் கழித்து அதேபோல இன்னொரு முயற்சியில் உயிர் போனது. முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற ஒரே ஆங்கிலேயத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் அவர்தான்.

போருக்குப் பிறகு இரண்டு சீசன் மட்டும் முதல் டிவிஷனில் மறுபடி மோதினார்கள். 1920இல் பிரிக்ஸ் இறந்தார். அவர் இல்லாத அவென்யூ 1921இல் இரண்டாம் டிவிஷனுக்கும், அடுத்த வருஷமே மூன்றாம் டிவிஷனுக்கும் விழுந்தது. முதலிலிருந்து மூன்றுக்கு அடுத்தடுத்த சீசனில் இறங்கிய முதல் கிளப் அது. சிட்டியும் 1922இல் முதல் டிவிஷனை இழந்தது. பிறகு அங்கே திரும்ப அதற்கு 77 வருஷம் ஆனது; அவென்யூ திரும்பவே இல்லை. அவர்கள் இறங்கிய அதே வருஷங்களில், பத்துப் பதினைந்து மைலுக்குள் இருக்கும் ஹடர்ஸ்ஃபீல்டு 1924, 25, 26 என்று மூன்று முறை தொடர்ந்து லீக்கை வென்றது.

இங்கிருந்துதான் டெர்பியின் உண்மையான குணம் தெரிய ஆரம்பிக்கிறது. இவர்கள் ஒரே டிவிஷனிலிருந்து ஒன்றாக ஏறியதோ ஒன்றாக இறங்கியதோ கிடையாது. 1927இல் சிட்டி மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்து அவென்யூவோடு சேர்ந்துகொண்டது; மறு வருஷமே அவென்யூ பட்டம் வென்று மேலே போய்விட்டது. ரோஷம் வந்த சிட்டி அடுத்த சீசனைத் தொடங்கியதே ரோதர்ஹாமை 11-1 என்று அடித்து. முடித்தது 128 கோல்களோடு, பட்டத்தோடு. 1929 முதல் 1937 வரை எட்டு வருஷம் இரண்டாம் டிவிஷனில் சேர்ந்திருந்தார்கள். பிறகு சிட்டி விழுந்தது. 1950இல் அவென்யூவும் விழுந்து வந்து சேர, இன்னும் எட்டு வருஷம் வடக்கு மூன்றாம் டிவிஷனில். 1958இல் லீக்கைத் திருத்தி அமைத்தபோது சிட்டிக்கு மூன்று, அவென்யூவுக்கு நான்கு. 1961இல் அவென்யூ ஏறியது, அதே வருஷம் சிட்டி இறங்கியது. படிக்கட்டில் எதிரெதிரே கடந்து போனார்கள். ஒருவர் மேலே போவதைக் கீழே இருந்து பார்ப்பவருக்குத் தாங்காது. அந்தத் தாங்காமைதான் அவரை மறுபடி ஏற்றியது. இதைப் பகை என்பதா, ஒருவரை ஒருவர் சாகவிடாமல் வைத்திருந்த ஏற்பாடு என்பதா?

ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு. ஒரு கிளப் சொந்த மைதானத்தில் ஆடும் சனிக்கிழமை மற்றது வெளியூரில் ஆடும். அதனால் ஒரு வாரம் வேலி பரேடு, மறு வாரம் பார்க் அவென்யூ என்று இரண்டுக்கும் போனவர்கள் நிறையப் பேர். தன் கிளப் ஜெயிக்க வேண்டும் என்று போவது ஒன்று, எதிரி தோற்பதைப் பார்க்கப் போவது இன்னொன்று. இரண்டுக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். இப்படிப் போனதில் நல்ல ஆட்டத்தை எங்கே கண்டாலும் ரசிக்கும் ஒரு பழக்கமும் ஊருக்கு வந்துவிட்டது.

ரசிக்கவும் இருந்தது. பிராட்ஃபோர்டிலேயே பிறந்த லென் ஷாக்கில்டன் அவென்யூவில் பந்தைக் கட்டிப்போட்ட நாய்க்குட்டியாக்கி விளையாடியவர். 1946இல் 13,000 பவுண்டுக்கு நியூகாஸில் அவரை வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே நியூபோர்ட்டுக்கு எதிரே ஆறு கோல். பிறகு அவர் எழுதிய தன்வரலாற்றில், சராசரி கிளப் இயக்குநருக்குக் கால்பந்தில் உள்ள ஞானம் என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். அவர் விற்கப்பட்ட வருஷத்தின் ஜனவரியில் அவென்யூ எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் சிட்டியிடம் உள்ளூரில் 3-1 என்று தோற்று, மான்செஸ்டருக்கே போய் 8-2 என்று திருப்பிக் கொடுத்தது. 1948இல் லீக்கில் முதலிடத்தில் இருந்த ஆர்சனலை அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று வென்றது. 1964இல் ஜிம் ஃபிரையட் டிரான்மியருக்கு எதிரே ஆட்டம் தொடங்கிய நான்காவது விநாடியில் கோல் அடித்ததாக நடுவரின் கடிகாரம் சொன்னது. மறுபடி நான்காம் டிவிஷனுக்கு இறங்கிவிட்ட கிளப்புக்குச் சொல்லிக்கொள்ள இவ்வளவு கதை இருந்தது.

ஜே.பி. பிரீஸ்ட்லியும் இந்த ஊர்க்காரர். 1929இல் வந்த அவருடைய ‘தி குட் கம்பானியன்ஸ்’ நாவல் ஒரு சனிக்கிழமை கால்பந்து முடிந்து தெருவில் பொங்கிவரும் கூட்டத்தோடு தொடங்குகிறது. பிராட்ஃபோர்டையும் ஹடர்ஸ்ஃபீல்டையும் கலந்து அவர் உண்டாக்கிய புரடர்ஸ்ஃபோர்டுக்கு ஒரே ஒரு கிளப்தான், பெயர் யுனைடெட். கதையில் அது சுலபம். நிஜ ஊர் அந்தத் தீர்வை 1907இலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

நோய் எப்போது பிடித்தது? கம்பளித் தொழில் படுக்க ஆரம்பித்தபோது என்று ஒரு பதில். 1961 ஜனவரியில் ஆட்டக்காரர்களுக்கு வாரம் 20 பவுண்டு என்ற சம்பள உச்சவரம்பு நீங்கியபோது என்று ஒரு பதில். அதற்குப் பிறகு நல்ல ஆட்டக்காரரைச் சின்ன கிளப்பில் பிடித்து வைக்க எந்தக் காரணமும் மிஞ்சவில்லை. ஒன்பது மைல் தள்ளி லீட்ஸ் யுனைடெட், டான் ரெவியின் கையில் பெரிய அணியாக உருவாகி, பஸ் ஏறத் தயாரான பிராட்ஃபோர்டு இளைஞர்களை இழுத்துக்கொண்டபோது என்று இன்னொன்று. மூன்றும் சரி. மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் கெவின் ஹெக்டர். 1965-66 சீசனில் மட்டும் லீக்கில் 44 கோல் அடித்தவர். 1966 செப்டம்பரில் சுமார் 40,000 பவுண்டுக்கு டார்பி கவுன்டி அவரை வாங்கிக்கொண்டது. அங்கே அவர் இரண்டு முறை இங்கிலாந்தின் சாம்பியன் ஆனார். இங்கே அவென்யூ, அவர் போன அந்த சீசனில் கடைசிக்கு முந்தைய இடம். அடுத்த மூன்று சீசனும் கடைசி இடம்.

அந்தக் காலத்து லீக்கில் நான்காம் டிவிஷனுக்குக் கீழே விழ வழி கிடையாது. கடைசி நான்கு இடத்தில் வருபவர்கள் மற்ற கிளப்புகளிடம் மறுபடி வாக்குக் கேட்டு நிற்க வேண்டும். வெளியே நிற்கும் கிளப்புகளும் அதே வாக்கைக் கேட்கும். பொதுவாகப் பழைய உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வார்கள். அவென்யூவை மூன்று முறை மன்னித்தார்கள். 1970இல் நான்காம் முறை வந்து நின்றபோது அந்த இடத்தைக் கேம்பிரிட்ஜ் யுனைடெட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, டெர்பியின் ஒரு பாதியைக் கொன்றது மைதானத்தில் பட்ட தோல்வி மட்டுமில்லை; ஒரு கூட்ட அறையில் விழுந்த வாக்குகளும்தான். சிட்டி அதற்கு முந்தைய வருஷமே மூன்றாம் டிவிஷனுக்கு ஏறிப் போயிருந்தது. வழக்கம்போலப் படிக்கட்டில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இந்த முறை கீழே படி இல்லை.

நான்கு வருஷம் வடக்கு பிரீமியர் லீக் என்ற சிறிய லீக்கில் அவென்யூ இழுத்துக்கொண்டு கிடந்தது. 1973இல் மைதானமே கைமாறியது. வீடில்லாத கிளப்புக்குக் கடைசி சீசனில் ஆட இடம் கொடுத்தது யார் தெரியுமா? சிட்டி. 1907இல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்ட குடும்பம், 1973-74இல் வேலி பரேடில் ஒண்டுக்குடித்தனம் இருந்து அங்கேயே கண்ணை மூடியது. உள்ளூரில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்களும் உண்டு, சிரிக்காமல் சொல்பவர்களும் உண்டு.

பங்காளி போனால் சொத்து முழுக்க நமக்கு என்பது கணக்கு. 1907இல் இணையச் சொன்னவர்களின் வாதமும் அதுதான்: ஒரே ஊர், ஒரே கிளப், எல்லாக் கூட்டமும் ஒரே மைதானத்தில். 1974இல் அது தானாகவே நடந்துவிட்டது. என்ன ஆனது? சிட்டி அப்போது மறுபடி நான்காம் டிவிஷனில் இருந்தது. 1977இல் ஏறி, மறு வருஷமே திரும்ப விழுந்து, 1982வரை அங்கேதான் கிடந்தது. 1983இல் அதுவும் திவாலாகிப் பிழைத்தது. அவென்யூ ரசிகர்கள் சிட்டிக்கு மாறிவிடவில்லை. பலர் கால்பந்தையே விட்டார்கள்.

1985 மே 11ஆம் தேதி, மூன்றாம் டிவிஷன் பட்டம் வென்ற கொண்டாட்ட நாளில், வேலி பரேடின் பழைய மர ஸ்டாண்டு சில நிமிஷங்களில் எரிந்து 56 பேர் இறந்தார்கள். பலகைகளுக்கு அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த குப்பையில் விழுந்த ஒரு நெருப்பு. அந்தத் துக்கம் எந்த விளையாட்டுப் பகைக்கும் மேலே, தனியாக நிற்பது. அதை ஊர் முழுவதும் சேர்ந்தே சுமந்தது, இன்றும் சுமக்கிறது.

அதற்குப் பிறகு சிட்டிக்கு நல்ல நாளும் வந்தது. 1999 முதல் 2001 வரை பிரீமியர் லீக். 2013இல் நான்காம் டிவிஷனில் இருந்தபடியே லீக் கோப்பை இறுதியாட்டம். அவென்யூவின் பெயரும் சாகவில்லை. 1988இல் ரசிகர்கள் அந்தப் பெயரில் கிளப்பை மறுபடி தொடங்கினார்கள். 1996 முதல் ஹார்ஸ்ஃபால் ஸ்டேடியத்தில், லீக்குக்குப் பல படி கீழே ஆடிக்கொண்டிருக்கிறது. சீசன் தொடங்குமுன் சிட்டியோடு நட்பு ஆட்டமும் நடக்கும். டெர்பிக்கு நேரக்கூடிய அவமானங்களில் நட்பு ஆட்டத்தைவிடப் பெரியது எது?

பழைய பார்க் அவென்யூவில் லீச் கட்டிய ஸ்டாண்டை 1980இல் இடித்தார்கள். மைதானத்தின் ஒரு பகுதிமேல் உள்ளரங்கக் கிரிக்கெட் பள்ளி எழுந்தது. முதுகுப் பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தில் இன்று ஆடுபவர்களில் பலர், ஆலை வேலைக்காகப் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். பழைய நின்று பார்க்கும் படிகள் மரங்களுக்கு நடுவே இன்னும் இருக்கின்றன. 2010களில் தொல்லியலாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து அங்கே தோண்டிப் பார்த்தார்கள். ஆயிரமாண்டுப் பானை ஓட்டுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கோல் கம்பம் நின்ற குழிக்குக் கொடுத்தார்கள். கோல் வாய்ப் பக்கம் நாணயங்கள் கிடைத்தன. கூடவே குழந்தைகளுக்குத் துணி கட்டும் ஊக்கு ஒன்று. கோல்கீப்பர் சிக் ஃபார் ஒருமுறை ஆட்டத்தின் நடுவே அரைக்கால் சட்டையின் எலாஸ்டிக் அறுந்து தவித்த கதை ஊரில் உண்டு. ஊக்கைப் பார்த்ததும் பழைய ரசிகர்களுக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது.

அவ்வளவு நுணுக்கமாக ஓர் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது என்றால், இரண்டு கிளப் வைத்துக்கொண்டது வீண்செலவு என்று எப்படிச் சொல்வது? இணைந்திருந்தால் பெரிய கிளப் ஒன்று பிழைத்திருக்கலாம் என்பவர்கள் கோப்பைகளை எண்ணுகிறார்கள். இணையாமல் போனதால் கிடைத்ததை எண்ண அவர்களிடம் பட்டியல் இல்லை: 1911இன் கோப்பை பிரிந்து நின்ற கிளப் வென்றது, 1914இன் இரட்டை முதல் டிவிஷன் பிரிந்து நின்றதால் வந்தது, 128 கோலும் பங்காளி மேலே போய்விட்ட எரிச்சலில் விழுந்தவை. ஒரே கிளப்பாக ஐம்பது வருஷம் இருந்து பார்த்த பிறகும் பிராட்ஃபோர்டு அந்தப் பழைய உயரத்தைத் தொட்டது இரண்டே சீசன். இது என் கட்சி; மாற்றுக் கட்சிக்காரர்களும் அந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், இருக்கட்டும். 1907இல் கையைத் தூக்கி வேண்டாம் என்றவர்களுக்குத் தாங்கள் எதற்கு வாக்களிக்கிறோம் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. ஜெயிக்க ஒரு கிளப் போதும். சண்டை போட இரண்டு வேண்டும். அவர்கள் சண்டையைத் தேர்ந்தெடுத்தார்கள், அறுபது வருஷம் அது நன்றாகவே நடந்தது.